ரத்தம் ஏறாத குடும்பம்

விருத்தாசலத்துக்கு வெளியே, மங்கலம்பேட்டை சாலையில் உள்ள துணை சுகாதார நிலையத்தில் அமிர்தம் பதினெட்டு வருடமாக நர்ஸ். அவள் பொறுப்பில் ஏழு ஊர். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், யாருக்கு எந்தத் தேதி, போன பிரசவம் எப்படி ஆனது என்பதையெல்லாம் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லுவாள். அவளுடைய பச்சை ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். கைராசிக்காரி என்றும் பேர், வாய் நீளம் என்றும் பேர்.

அந்த வாயில் மாட்டியவள் பாரதி.

முதல் குழந்தை உண்டானபோது பாரதிக்கு இருபத்தொரு வயது. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பில் துருத்தி நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவாள். அதிகம் பேசமாட்டாள். கட்டிக்கொண்டது அத்தை மகனை. கணவன் நந்தகுமார் தொழிற்பேட்டையிலிருந்து பெட்டிகளை ஏற்றிப்போய் வேப்பூரில் நிற்கும் லாரிகளில் சேர்க்கும் மினி வேன் ஓட்டினான். மாமியார் பெரியம்மாள், பாரதியின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்ப் போய் அவள் விரல் நுனிகள் கறுத்திருக்கும்.

பாரதிக்கு முதல் பரிசோதனையில் ரத்த அளவான ஹெச்.பி. ஒன்பதுதான் இருந்தது, பதினொன்றாவது இருக்கவேண்டும். அமிர்தம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். அடுத்த மாதமும் ஒன்பதுதான். மாத்திரையை இரண்டாக்கினாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு என்று பட்டியல் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் டிரிப் ஏற்றியும் பார்த்தார்கள். ஒன்பதை விட்டு ரத்தம் அசையவில்லை. இப்படி ரத்தம் ஏறாமல் போக அமிர்தத்துக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, இருபது பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், பாரதியின் பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தாள். சாக்கடையில் போடுவதற்கா அரசாங்கம் மாத்திரை கொடுக்கிறது என்று கேட்டாள். பாரதி வாய் திறக்கவில்லை. பேசாமல் நின்றதையே அமிர்தம் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில், மாத்திரை உட்கொள்வதில்லை என்று எழுதினாள். மாலையில் வீடுவரை போய்ப் பெரியம்மாளிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் பெரியம்மாள் தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மருமகளை எதிரில் நிறுத்தி மாத்திரையை விழுங்க வைத்தாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். மூன்று மாதம் அப்படி நடந்தும் ரத்தம் ஏறவில்லை. இவள் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துவிடுகிறாள் என்று பெரியம்மாள் முடிவு கட்டினாள். அத்தை என்று மடியில் கிடந்து வளர்ந்த பெண்ணும் அந்த அத்தையும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் பேசிக்கொள்ளும்படி ஆயிற்று. குழந்தை வெண்பா நல்லபடியாகப் பிறந்த பிறகும் அது முழுக்க மாறவில்லை.

மூன்று வருடம் கழித்துப் பாரதி மறுபடி உண்டானாள். ஹெச்.பி. எட்டு புள்ளி எட்டு. அமிர்தம் பெருமூச்சு விட்டு, மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

அந்த மாதம்தான் அவர்களுக்குப் பயிற்சி வந்தது. வட்டாரத்தில் உள்ள எல்லா நர்ஸுகளும் விருத்தாசலத்தில் ஒரு மண்டபத்துக்கு இரண்டு நாள் வரவேண்டும், மரபணு பற்றி வகுப்பு என்று வாட்ஸப்பில் தகவல். தடுப்பூசிக் கணக்கு பாக்கி, ஆன்லைனில் ஏற்றவேண்டிய பெயர்கள் பாக்கி, இதில் மரபணு எதற்கு என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வகுப்பெடுக்க வந்தவள் பூர்ணிமா. சென்னையில் மரபணு ஆலோசகர், முப்பது வயதுகூட இருக்காது. இந்தச் சின்னப் பெண் நமக்கு என்ன சொல்லித் தரப்போகிறது என்று அமிர்தம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பூர்ணிமா முதலில் படம் எதையும் போடவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, அவரவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரையச் சொன்னாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நாற்பது பேரில் பாதிப்பேர் தாளில் இரட்டைக் கோடு இருந்தது. அமிர்தமே தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள்தான். அடுத்து என்ன, திட்டு விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். பூர்ணிமா திட்டவில்லை. சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை, வீட்டுக்குள் என்ன வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும் என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் ரத்தத்தைப் பற்றிப் பேசினாள். சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணு சின்னதாக இருக்கும். எண்ணிப் பார்த்தால் குறைச்சல் இருக்காது, நிறையவே இருக்கும், அளவுதான் சின்னது. அதனால் ஹெச்.பி. எப்போதும் கொஞ்சம் கம்மி. இதைத் தலசீமியா சுமப்பவர் என்போம். அவர்களுக்கு நோய் கிடையாது, வேலை செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள். இரும்புச்சத்து குறைந்தால் மற்றவர்களைப் போல அவர்களுக்கும் மாத்திரை வேண்டும், ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கணவன், மனைவி இரண்டு பேருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் கவலை. அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, கடுமையான ரத்தச்சோகையோடு பிறக்க வாய்ப்பு உண்டு.

அமிர்தம் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் கை தூக்கினாள். பதினெட்டு வருடத்தில் எந்தப் பயிற்சியிலும் அவள் கேள்வி கேட்டதில்லை.

“மூணு மாசம் கண்ணு முன்னால முழுங்க வெச்சும் ஏறலேன்னா, அது இதுவா இருக்குமாங்க?”

இருக்கலாம், முழு ரத்த எண்ணிக்கை எடுத்துப் பார்த்தால் முதல் தடயம் கிடைக்கும், அப்புறம் தனிப் பரிசோதனை இருக்கிறது என்றாள் பூர்ணிமா. உங்களிடம் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அமிர்தம் மூன்று பேர் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டு, ஒருத்தி இருக்கிறாள் என்றாள்.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே தொழிற்பேட்டைக்கு ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஐந்தரைக்கு வேலை விட்டார்கள். கை, முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு பெண்கள் வெளியே வந்தார்கள். வாசலில் நர்ஸம்மா நிற்பதைப் பார்த்ததும் பாரதி தன்னையறியாமல் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அமிர்தம், வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த முன்னுரையை விட்டுவிட்டாள்.

“அத உள்ள வையிம்மா. நான் ஒண்ணு கேக்கணும். மொதப் புள்ளைக்கு நான் குடுத்த மாத்திரையெல்லாம் முழுங்கினியா?”

“ஒண்ணு விடாம முழுங்கினேன் நர்ஸம்மா.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

பாரதி தன் விரல்களில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினாள். “சொன்னா நம்பியிருப்பீங்களா?”

அமிர்தம் நம்பியிருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரியும். அங்கேயே, பெண்கள் சைக்கிளையும் ஸ்கூட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்க, தப்பு என்மேல்தான், அத்தனை பேர் முன்னால் உன்னை அவமானப்படுத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னாள். பாரதி அழவில்லை, கோபப்படவும் இல்லை. எதிரில் இருந்த டீக்கடையைக் காட்டி, ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள். பாரதி ஒரு பன்னும் வாங்கித் தின்றாள். மூன்று வருடத்தில் அவள் தன்னிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல்முறை என்று அமிர்தம் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே ரத்த எண்ணிக்கை எடுத்தார்கள். பூர்ணிமா சொன்ன மாதிரியே இருந்தது. அணுக்கள் ஏராளம், எல்லாம் சின்னச் சின்னது. பூர்ணிமா ரத்த மாதிரியை வாங்கிச் சென்னைக்கு அனுப்பினாள். எட்டாவது நாள் முடிவு வந்தது. பாரதி தலசீமியா சுமப்பவள்தான். இப்போது ஒன்பதாவது வாரம் நடக்கிறது, கணவருடைய ரத்தத்தை உடனே பார்க்கவேண்டும், ஒருவேளை அவருக்கும் இருந்தால் குழந்தைக்குச் சோதனை செய்ய இன்னும் சில வாரம்தான் சரியான காலம் என்று பூர்ணிமா அமிர்தத்திடம் போனில் சொன்னாள்.

அமிர்தம் ஞாயிற்றுக்கிழமை பாரதியின் வீட்டுக்குப் போனாள். நந்தகுமார் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பெரியம்மாள் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து நின்றாள். அமிர்தம் முதலில் பெரியம்மாளிடம்தான் பேசினாள். உங்கள் மருமகள் ஒரு மாத்திரையைக்கூடத் தூக்கிப்போடவில்லை, நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள். பெரியம்மாள் மருமகளைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள்.

நந்தகுமாரிடம் ரத்தம் எடுக்கவேண்டும் என்றதும் அவன், எனக்கென்ன, மூட்டை தூக்குகிறேன், வண்டி ஓட்டுகிறேன், நல்லாத்தானே இருக்கிறேன் என்றான். அமிர்தம் பூர்ணிமா சொன்னதை அப்படியே ஒப்பித்துப் பார்த்தாள். மரபணு, ஜோடி, நாலில் ஒன்று. சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. குறுக்கே புகுந்தது பாரதிதான்.

“மாமா, எங்க கம்பெனில ஒரு பொம்மைக்கு ரெண்டு அச்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணு சில்லு போனாலும் இன்னொண்ண வெச்சு வேல ஓடிரும். எனக்கு ஒரு அச்சு சில்லு. உனக்கும் ஒண்ணு சில்லு போயிருந்து, புள்ளைக்கு ரெண்டு பேருகிட்டருந்தும் அந்தச் சில்லு போன அச்சே வந்துட்டா, அதுக்கு வேல ஓடாது. உனக்கு ரெண்டும் நல்லாருந்தா பயமே இல்ல. அதப் பாக்கத்தான் கேக்குறாங்க.”

அவன் ஈரத்துணியைப் பிழிந்து வேன் கண்ணாடியில் போட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அடுத்த கேள்வி வந்தது. குரல் இறங்கியிருந்தது.

“எனக்கும் இருந்துச்சின்னா, கலைக்கச் சொல்வீங்களா?”

தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி ஒரு தடவை பட்டது போதும் என்று, அமிர்தம் பூர்ணிமாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பூர்ணிமா நிதானமாகப் பேசினாள். யாரும் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள், நாலில் மூன்று பங்கு நல்லதற்கே வாய்ப்பு, குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது, தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் இரண்டு பேர் முடிவு, எது முடிவானாலும் கூட இருப்போம் என்றாள். நந்தகுமார் கடைசிவரை கேட்டான். நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றான்.

புறப்படும் முன் அமிர்தம், குடும்பத்தை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள் என்று தாளை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து வரைந்தாள். கீழே வெண்பாவுக்கு ஒரு வட்டம். மேலே பாரதி, நந்தகுமார், நடுவில் இரட்டைக் கோடு. பாரதிக்கு மேலே அவள் அப்பா கோதண்டபாணி. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டபோது, இதுவரை நின்றுகொண்டிருந்த பெரியம்மாள் குனிந்து பார்த்தாள்.

“அந்த வட்டம் நானா?”

ஆமாம் என்றாள் அமிர்தம். பாரதிக்கு அவள் அம்மா வழியில் வந்ததா, அப்பா வழியில் வந்ததா என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும். அப்பா வழி என்றால் உங்களுக்கும் இருக்கலாம் என்றாள். இன்னும் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், ராஜம்மாள், சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டிக் கொடுத்தது என்றாள் பெரியம்மாள். யாருக்கு என்று கேட்டதற்கு, எங்கள் தாய்மாமனுக்கே என்றாள். அமிர்தம் இரட்டைக் கோடு போட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள்.

பெரியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. பாரதி எழுந்து போய் இறக்கி வைத்தாள்.

ராஜம்மாளுக்கு இப்போது இரண்டு மகன்கள். ஆனால் முதலில் பிறந்தவன் வேறு. அன்பரசன் என்று பேர் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்திலிருந்தே வெளுக்க ஆரம்பித்தான். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போயிற்று. சிதம்பரத்துக்கும் புதுச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், இரண்டு மூன்று தடவை ரத்தம்கூட ஏற்றினார்கள். அப்புறம் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து, மந்திரிக்கத் தூக்கிப் போனார்கள். நாலு வயதில் போய்விட்டான்.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியம்மாள் நிறுத்தினாள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அவள் தாளில் இருந்த தன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

“அக்கா முழுகாம இருந்தப்ப ஒரு கிரகணம் வந்துச்சு. நான் அவுங்க வூட்லதான் இருந்தேன், பன்னெண்டு வயசு. கொடியில துணி கெடந்துச்சுன்னு அக்கா வெளிய போயி எடுத்துட்டு வந்தாங்க. புள்ள வெளுக்கறப்ப எல்லாரும் ஏன் ஏன்னாங்க. நான்தான் சொன்னேன். அக்கா கிரகணத்தன்னிக்கு வெளிய போச்சுன்னு. அதோட எல்லாரும் புடிச்சிக்கிட்டாங்க.”

நாற்பது வருடமாக ராஜம்மாள் பிள்ளையைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அவள் மாமியார், சொந்தப் பாட்டியே, சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாளாம். அக்கா ஒருநாளும் தங்கையை ஏன் சொன்னாய் என்று கேட்டதில்லை. விசேஷத்துக்கு வந்தால் பேசுவாள், சாப்பிடுவாள், போய்விடுவாள்.

“எனக்கும் ரத்தம் எடுத்துக்கங்க” என்றாள் பெரியம்மாள். அமிர்தம், உங்களுக்கு இப்போது அவசியமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல், அவள் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நந்தகுமார் வேப்பூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் கொய்யாப்பழமோ வெள்ளரிப் பிஞ்சோ வாங்கிக்கொண்டு வந்தான். பெரியம்மாள் மருமகளை மாத்திரை விழுங்கச் சொல்லி நிறுத்துவதை விட்டுவிட்டாள். ஒருநாள் ராத்திரி, தட்டு கழுவப் போன பாரதியின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, நீ போய்ப் படு என்றாள். அவ்வளவுதான். ஆனால் பாரதி அதை மறுநாளே அமிர்தத்துக்குப் போனில் சொன்னாள்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அமிர்தம் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். பூர்ணிமாவின் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். பெரியம்மாளுக்கு இருக்கிறது. நந்தகுமாருக்கு இல்லை. இரண்டு அச்சும் நல்லது. பிறக்கப்போகும் குழந்தை அதிகபட்சம் பாரதியைப் போலச் சுமக்கும், நோய் வராது. வெண்பாவுக்கு இப்போது அவசரமே இல்லை, பெரியவளாகிக் கல்யாணம் பேசும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

அமிர்தம் நந்தகுமாருக்குப் போன் போட்டாள். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்க என்றான். சொன்னாள். மறுபடியும் சொல்லச் சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோது அவன் பக்கத்தில் லாரி ஹாரன் மட்டும்தான் கேட்டது.

பெரியம்மாளிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவள் முந்திரி உடைத்துவிட்டு வந்து எண்ணெய் தேய்த்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். “அப்ப இது எங்க வூட்டுச் சங்கதி” என்றாள். இவளுக்கு எங்கள் தம்பி கொடுத்தது, எங்களுக்கு எங்கள் அம்மா கொடுத்திருக்கும், பாவம் அவள் எப்போதும் களைத்துக் களைத்துப் படுப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாரதி வந்து கையைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். பெரியம்மாள் துண்டோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் அமிர்தம் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். மருத்துவ அலுவலரும் நாற்பது நர்ஸுகளும் இருந்தார்கள். தான் பையைக் கவிழ்த்ததையும் சொன்னாள். யாராவது சிரிப்பார்கள் என்று பயந்தாள், யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் வந்து, எங்களிடமும் இப்படி ஏறாத கேஸ் இருக்கிறது, நாங்களும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் முதலில் முழு ரத்த எண்ணிக்கை, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று மருத்துவ அலுவலர் எல்லோருக்கும் எழுதி அனுப்பினார். அமிர்தம் நினைத்து வைத்திருந்த மற்ற இரண்டு பேருக்கும் பார்த்ததில், ஒருத்திக்கு இருந்தது. இன்னொருத்தி நிஜமாகவே மாத்திரையைத் தூக்கிப்போட்டிருந்தாள். அவளிடம் அமிர்தம் சத்தம் போடவில்லை, ஏன் என்று கேட்டாள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டுகிறது என்றாள். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளச் சொன்னாள் அமிர்தம். சரியாகிவிட்டது.

பாரதிக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது பெரியம்மாள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். அக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, கூட வருகிறீர்களா என்று கேட்டாள். அமிர்தம் அந்தச் சனிக்கிழமை லீவு போட்டாள். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் பெரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்ட வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்கென்று வாங்கிய பழப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ராஜம்மாளின் வீடு சேத்தியாத்தோப்பில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை. ராஜம்மாளுக்கு ஒல்லியான உடம்பு, வேகமான நடை. தங்கையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அமிர்தம் சொல்ல ஆரம்பிக்கலாம் என்று நினைக்கும்போது பெரியம்மாளே பேசினாள்.

“அக்கா, அன்பரசனுக்கு வந்தது ரத்தத்துல வர்ற சீக்கு. அம்மா வழியா நம்ம எல்லாருக்கும் வந்துருக்குது. எனக்கும் இருக்குது, டெஸ்ட்டு பண்ணிட்டாங்க. மாமாவுக்கும் இருந்துருக்கும். ரெண்டு பேருது சேந்து அவனுக்கு வந்துருச்சு. கிரகணத்துக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. நீ வெளிய போவாட்டியும் வந்துருக்கும். நான் சொல்லியிருக்கக் கூடாது.”

ராஜம்மாள் அமிர்தத்தைப் பார்த்தாள். “இவ சொல்றது நெசந்தானாங்க?”

நிஜம் என்றாள் அமிர்தம். உங்கள்மேல் தப்பு இல்லை, உங்கள் வீட்டுக்காரர்மேலும் இல்லை, யார்மேலும் இல்லை என்றாள். ராஜம்மாள் அதன் பெயர் என்ன என்று கேட்டாள். தலசீமியா என்று சொன்னாள். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நாக்கில் சரியாக வரவில்லை. இன்னொருமுறை கேட்டு, மெதுவாக, முழுதாகச் சொன்னாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மீன் பொரியும் வாசனை வந்தது.

சாப்பிடும்போது ராஜம்மாள் பேச ஆரம்பித்தாள். பெரிய மகனின் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், தூரத்துச் சொந்தம், பேசி முடிக்கும் முன் இரண்டு பேருக்கும் இந்த ரத்தத்தைப் பார்த்துவிடவேண்டும், நானே சொல்கிறேன், யார் முகம் சுளித்தாலும் சரி என்றாள். எங்கே போய்ப் பார்ப்பது என்று அமிர்தம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ராஜம்மாள் தங்கைக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். பெரியம்மாள் போதும் என்றாள். பேசாம சாப்புடு, நீ சின்னப் புள்ளைல இருந்தே கொறிப்பே என்று ராஜம்மாள் அதட்டினாள்.

மாலையில் பஸ் ஏற்றிவிட அவளும் கூட வந்தாள். நடக்கும்போது யாரும் கேட்காமலே அன்பரசனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாற்பது வருடமாக அவன் பேரை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அவனுக்குத் தயிர்சாதம் பிடிக்காது. வெள்ளாற்றில் தண்ணீர் வந்தால் தோளில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. பெரியம்மாளுக்கும் ஒன்று நினைவு வந்தது. தன் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே அவன் வீடு முழுக்கச் சுற்றுவான் என்றாள். ஆமாமா என்று ராஜம்மாள் சிரித்தாள், உன்னை விட்டால் அவனுக்கு ஆள் கிடையாது என்றாள்.

விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். ராஜம்மாள் அவன் முதல்முதலாக நடந்த கதையில் பாதியில் இருந்தாள். அமிர்தம் கண்டக்டரிடம், நாங்கள் அடுத்ததில் வருகிறோம் என்று கையசைத்தாள். பஸ் போயிற்று. மூன்று பேரும் பூக்கடைக்குப் பக்கத்தில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.